மோனப்பனின் மனைவி என்ன சொல்வாள்?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல பெரிய சிரிப்பு. சுள்ளியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நூற்று எண்பது பேர் ஒரே மூச்சில் சிரித்து, மண்டபத்துத் தகரக் கூரையில் பெய்துகொண்டிருந்த ஆடி மழையின் சத்தத்தையே அமுக்கிவிட்ட சிரிப்பு. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்ட மாட்டேன். அந்தச் சிரிப்பு வருவதற்கு விட்டல ரை ஐம்பத்திரண்டு வருஷம் வாழவேண்டியிருந்தது. நீங்கள் பத்து நிமிஷம் பொறுக்கக் கூடாதா?

முதலில் ஒரு பாக்கு.

விட்டல ரைக்கு வேலை, பாக்கைத் தரம் பிரிப்பது. பாக்குச் சங்கத்துக் கிடங்கில் முப்பது வருஷமாக ஒரே முக்காலி. விவசாயிகள் மூட்டையை இறக்குவார்கள். இவர் உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "பழசு. புதுசு. பூஞ்சை. உடைசல்." அவ்வளவுதான். அவர் சொன்னால் சொன்னது. தூக்கத்தில் கையில் பாக்கை வைத்தாலும் பழசா புதுசா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, அவர் கையில் ஒரு பாக்கு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

"ரிட்டையராக இன்னும் ஆறு வருஷம்" என்றது பாக்கு.

விட்டல ரை எழுந்து வாசல் வரை போனார். மழையைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கால் ஆடியது. எழுந்தார். எடைபோடும் மேடையைச் சுற்றி வந்தார். மறுபடி உட்கார்ந்தார். முக்காலிக்கு மூன்று கால்தான் என்றாலும் அன்றைக்கு அதற்கும் ஆட்டம் கண்டுவிட்டது.

அவர் மனசு கிடங்கிலேயே இல்லை. அது தாளமத்தளை மேடையில் இருந்தது. வேஷம் கிடையாது, ஆட்டம் கிடையாது. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, எதிரும் புதிருமாக நாற்காலி. பாகவதர் ஒரு பாட்டுப் பாடுவார். அது முடிந்ததும் நாற்காலியில் இருப்பவர் ராஜாவாகி, மந்திரியாகி, ராணியாகிப் பேச வேண்டும். எழுதிவைத்த வசனம் கிடையாது. எதிராளி கேட்டதற்கு அங்கேயே, அப்போதே பதில் சொல்லவேண்டும். பதில் வராமல் முழித்தால் மத்தளக்காரரே சிரித்துவிடுவார். மழைக்காலம் முழுக்க ஊருக்கு ஊர் நடக்கும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு அதுவே பிழைப்பாகவும் ஆகும்.

விட்டல ரையும் பதினோரு வருஷமாக மேடையில் இருக்கிறார். தூதனாக. "மகாராஜா, தங்களைக் காண வந்திருக்கிறார்கள்" என்பார். ராஜா "வரச்சொல்" என்பார். இவர் இறங்கிப் போய் டீ குடிப்பார்.

அந்த வாரம்தான் கேசவ பாகவதர் கிடங்கு வாசலில் குடையை மடக்கினார். பாகவதர் சாதாரணமாகப் பேசினாலும் கடைசி எழுத்தைப் பாடித்தான் முடிப்பார்.

"ரையவரே-ஏ. மூணாவது ஞாயித்துக்கிழம, மத்தியானம் மூணு மணி, கோயில் மண்டபம். மணிகேது மகாராஜன் கதை-ஐ."

"வந்துடறேன். தூதன்தானே?"

"தூதனுக்கு ஆள் ஆச்சு-உ. ராஜா நீங்க-அ."

விட்டல ரை மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "ராஜாவா? எதிர்ல யாரு?"

"ராணிதான். நோட்டீஸ்ல போட்டிருக்கும், பாத்துக்கோங்கோ-ஓ."

பார்க்கவேறு வேண்டுமா? அந்தத் தாலூகாவில் ராணி என்றால் சதாசிவ ஆச்சார்தான். முறுக்கு மீசையோடு உட்கார்ந்து "நாதா" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எதிரிலிருக்கும் ராஜாவுக்கு வேர்க்கும்.

ஆனால் கதை விட்டல ரையின் பக்கம். மணிகேது மகாராஜனுக்கு ஆட்சி அலுத்துவிடுகிறது. மனசு காட்டுக்குக் கூப்பிடுகிறது. முடியை இறக்கி வைக்கப் போகிறான். ராணி சுலேகை தடுக்கிறாள். ராணி எவ்வளவு பேசினாலும் கடைசிப் பாட்டில் ராஜா காட்டுக்குப் போயே தீரவேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த முடிவு.

விட்டல ரைக்கு இது கதையாகவே தெரியவில்லை. உத்தரவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஜெயிப்பது. மேனேஜர் காமத் முன்வரிசையில் இருப்பார், அவரும் கேட்கட்டும். திங்கட்கிழமை காலையில் விருப்ப ஓய்வுக் கடிதத்தை அவர் மேஜையில் வைப்பது. அதற்கப்புறம் முழுநேரமும் மேடை. கடிதத்தை அன்றைக்கே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு இடைஞ்சல். குசுமா.

குசுமாவதி அவருடைய மனைவி. பீடி சுற்றுவாள். மடியில் முறம், கையில் கத்திரி. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஒரு பீடி முடிவதற்குள் ஒரு விவாதமும் முடிந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் விட்டல ரை வீட்டில் ஒரு வாதத்தில்கூட ஜெயித்ததில்லை. துவையலுக்குப் புளி போதுமா என்பதில்கூட. அதனால் அவளிடம் கைதட்டல் சூட்டோடு சூடாக, எல்லாம் முடிந்தபிறகுதான் சொல்வது என்று முடிவு. அதற்குள் அவள் என்னென்ன கேட்பாள் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் வீட்டுக்கும் ஆச்சு, மேடைக்கும் ஆச்சு. பொண்டாட்டி கேட்பதைத்தானே ராணியும் கேட்பாள்?

அன்று மாலையே ஆரம்பித்தார்.

"குசுமா, நம்ம மோனப்பன் வேலையை விடப் போறானாம்."

கத்திரி நிற்கவில்லை. "எந்த மோனப்பன்?"

"எடை போடுற மோனப்பன்."

"ஏனாம்?"

"மனசுக்குப் புடிச்சதைச் செய்யப் போறானாம். உட்காரவே முடியலியாம் பாவம். கால் ஆடிக்கிட்டே இருக்காம்."

குசுமா அவருடைய காலைப் பார்த்தாள். விட்டல ரை ஆடுகிற காலை மற்றக் காலால் மிதித்து நிறுத்தினார்.

"என்னதான் புடிச்சதாம்?"

"பேசறது."

"அதுக்கு ஏன் வேலையை விடணும்? கிடங்குல அவன் வாயைச் சாக்குல போட்டுத் தைச்சு வெச்சிருக்கீங்களா?"

விட்டல ரை உள்ளே போய் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். "சரி. நீ மோனப்பன் பொண்டாட்டியா இருந்தா என்ன சொல்லுவே?"

இப்போது கத்திரி நின்றது. "மோனப்பனுக்கு ஏதுங்க பொண்டாட்டி?"

அதை அவர் யோசிக்கவில்லை. "வரப்போறாளே."

"எப்ப?"

"தை மாசம்."

"பொண்ணு எந்த ஊரு?"

"பெள்ளாரே."

"யார் வீட்டுப் பொண்ணு? எனக்குத் தெரியாம பெள்ளாரேல யாரு?"

பத்து நிமிஷத்தில் விட்டல ரை மோனப்பனுக்கு ஒரு பெண், ஒரு மாமியார், பம்பு செட்டோடு இரண்டு ஏக்கர் பாக்குத் தோட்டம், கோள் சொல்லும் ஒரு கொழுந்தியாள் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார். மோனப்பனுக்கு மட்டும் சொல்லவில்லை.

"வரப்போறவ என்னத்தைச் சொல்லுவா? கல்யாணத்துக்கு முன்னாடியே வேலையை விடறவன் வேண்டாம்னு சொல்லுவா."

"வந்துட்டான்னு வெச்சுக்கோயேன். வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்கோ."

"அப்ப மோனப்பனுக்கு என்ன வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"இப்ப?"

"நாப்பது."

குசுமா நூலைச் சுற்றி, பல்லால் கடித்து, முடிச்சுப் போட்டாள். "புரிஞ்சுதுங்க" என்றாள். "கேட்டுக்குங்க. 'மனசு கூப்பிடுதுன்னு போறீங்க, அடுப்பு கூப்பிட்டா யாரு வர்றது?' இப்படிக் கேப்பா."

நல்ல கேள்வி. விட்டல ரை மறுநாள் பூராவும் பாக்கு மூட்டைகளுக்கு முன்னால் பதில் தயார் செய்தார். ராத்திரிச் சாப்பாட்டில், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மோனப்பன் சொல்றான்: அடுப்பு தெனமும் கூப்பிடும். மனசு ஒரு தடவைதான் கூப்பிடும்."

"நல்லாத்தான் சொல்றான். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் கையை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார். குசுமாவின் உதடு மெல்ல அசைந்தது. பீடி எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே பத்து நாள். அவள் கேட்பாள், அவர் மறுநாள் பதில் கொண்டுவருவார், அவள் அதை உடைப்பாள், அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வாசலிலிருந்து கிணறு வரை நடை. கிணற்றிலிருந்து வாசல் வரை நடை. வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நடை. பக்கத்து வீட்டு லோலாக்ஷி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அக்கா, அண்ணனுக்கு வயித்துல ஏதாவதா?" என்றாள்.

"மோனப்பனுக்குத்தான்" என்றாள் குசுமா.

அதோடு போகவில்லை. மோனப்பன் ஒரு நாள் எடைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு முக்காலிப் பக்கம் வந்தான். மோனப்பன் எதற்கும் பட்டுக்கொள்ளாதவன்.

"ரையவரே, பெள்ளாரேல எனக்குப் பொண்ணு பாத்திருக்கீங்களாமே."

"யாரு சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்ன. அந்த பம்பு செட்டு எத்தன ஹார்ஸ்பவர்?"

இந்தச் சங்கடத்தை நோட்டில் எழுத இடமில்லை. ஆனால் அன்று மாலை விட்டல ரையிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. முப்பது வருஷ உத்தியோகம் கொடுத்தது.

"மோனப்பன் என்ன சொல்றான் தெரியுமா? சங்கத்துல எதுவா இருந்தாலும் சீனியாரிட்டி. லீவா, சீனியாரிட்டி. ஜன்னலோர முக்காலியா, சீனியாரிட்டி. யாரு ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்காங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல. மோனப்பன் பதினோரு வருஷமா காத்திருக்கான். இதுக்கு மேல அவனைக் காக்க வைக்க யாருக்கும் அதிகாரம் இல்ல."

குசுமா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்காங்களோ, அவங்களுக்குத்தான் முதல்ல" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"அதான். இதுக்கு மோனப்பன் பொண்டாட்டி என்ன சொல்லுவா?"

"இதுக்கு அவகிட்ட பதில் இல்லீங்க."

இருபத்தாறு வருஷத்தில் முதல் வெற்றி. அன்று அவள் சேம்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைத்திருந்தாள். அவர் நான்கு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார். கால் மட்டும் இலைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது.

இதற்கிடையில் நோட்டீஸ் வந்திருந்தது. பாகவதர் இருநூறு நோட்டீஸ் கட்டைக் கையில் திணித்து, "சந்தைல குடுத்துடுங்கோ-ஓ" என்றார். விட்டல ரை மேல் நோட்டீசை எடுத்தார். உச்சியில் கோயில் பெயர், தேதி, நேரம். அதற்குக் கீழே: மணிகேது மகாராஜன்: விட்டல ரை. படித்தார். திரும்பப் படித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். அச்சில் தன் பெயருக்கு இவ்வளவு அகலம் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அந்த வரி மட்டும் மேலே தெரியும்படி நாலாக மடித்து, சட்டைப் பையில் கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வேலை நேரத்தில் மணிக்கு மூன்று தடவை வெளியே எடுப்பார், மடிப்பைப் பிரிக்க மாட்டார், பார்ப்பார், திரும்ப வைத்துக்கொள்வார்.

மிச்சத்தைச் சந்தையில் கொடுத்தார். வாங்கினவர்கள் நோட்டீசைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

"நம்ம வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் ஒவ்வொருவரிடமும்.

"வீட்டுல தெரியாதா ரையவரே?"

"தெரியாது."

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மீன்காரர் சத்தியமே செய்தார். புகழ் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று விட்டல ரை நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. மழை கொட்டுகிறது.

"கிடங்கு வரைக்கும் போய்ட்டு வரேன். மூட்டை நனையுதான்னு பாக்கணும்."

"வெள்ளை வேட்டிலயா?"

"மேனேஜர் வராரு."

குசுமா உள்ளே போய், இஸ்திரி போட்ட சால்வை ஒன்றைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டாள். மடிப்பைச் சரி செய்தாள். "கிடங்குல குளிரும். நானும் லோலாக்ஷி கூட பீடி சங்கக் கூட்டத்துக்குப் போறேன். வர நேரமாகும்."

எப்பேர்ப்பட்ட வெகுளி என்று விட்டல ரைக்கு மனசு இளகிவிட்டது. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஸ்கூட்டரை உதைத்துவிட்டார்.

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் மேனேஜர் காமத். அவருக்குப் பக்கத்தில் மோனப்பன், புதுச் சட்டையில். மேடையில் பாகவதர், மத்தளம், ஜால்ரா. விட்டல ரை ராஜ நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலி. ஆச்சார் கடைசி நிமிஷத்தில் வருகிற பெரிய மனிதர், அதில் ஆச்சரியமில்லை.

பாகவதர் பாடினார். விட்டல ரை தொண்டையைக் கனைத்தார்.

"அமைச்சர்களே, சபையோரே. இந்த அரியணையில் முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்டேன். குடிமக்களை நல்லவன், கெட்டவன், பூஞ்சை பிடித்தவன் என்று பிரித்துப் பிரித்து என் கை காய்த்துவிட்டது. கால் ஆடுகிறது. மனம் காட்டுக்குக் கூப்பிடுகிறது."

கைதட்டல். காமத்கூடத் தட்டினார். விட்டல ரையின் நெஞ்சுக்கு எதிரே சட்டைப் பையில் கடிதம் சூடாக இருந்தது. பாகவதர் ராணி வரும் பாட்டை எடுத்தார். பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசையில் லோலாக்ஷி தெரிந்தாள். லோலாக்ஷிக்குப் பக்கத்தில் குசுமா தெரிந்தாள்.

பிடிபட்டாச்சு என்று அவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். குசுமா எழுந்தாள். வந்தாள். மேடையேறினாள். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறாள் என்று அவர் பாதி எழுந்துவிட்டார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"இங்க எதுக்கு வந்தே? ஆச்சார் எங்க?" என்றார் பல்லிடுக்கில்.

"மழைங்க" என்றாள் அவளும் பல்லிடுக்கில். பிறகு மைக்கில், மண்டபத்தின் கடைசித் தூண் வரை கேட்கிற, அவர் வாழ்நாளில் கேட்டிராத ஒரு குரலில்: "நாதா."

விட்டல ரைக்கு வேர்த்தது. சமாளித்துக்கொண்டார். ஆச்சார் மழையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். கையில் கிடைத்த யாரையோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அதனால் என்ன? இவள் கேட்கிற கேள்வி அத்தனைக்கும் நோட்டில் பதில் இருக்கிறது.

"மனம் கூப்பிடுகிறது என்கிறீர்கள். அடுப்பு கூப்பிட்டால் யார் வருவது நாதா?"

"தேவி, அடுப்பு தினமும் கூப்பிடும். மனம் ஒரு தடவைதான் கூப்பிடும்."

கைதட்டல். விட்டல ரை சால்வையைச் சரி செய்துகொண்டார்.

"உண்மைதான்" என்றாள் ராணி. "போய்வாருங்கள். நான் தடுக்க மாட்டேன்."

இது நோட்டில் இல்லை. நாற்பது பக்கமும் தடுத்தால் என்ன சொல்வது என்றுதான். தடுக்காவிட்டால் என்ன சொல்வது என்று ஒரு வரிகூட இல்லை. அவர் மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மத்தளக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு சந்தேகம், நாதா. அரண்மனையை இரண்டு பேரும் ஒரே சமயத்தில் விட்டுப் போக முடியாது. ஒருவர் போனால் ஒருவர் முடியைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ஒருவேளை இரண்டு பேருக்குமே காடு போக ஆசை இருந்தால், யாருக்கு முதலில்?"

விட்டல ரைக்கு உயிர் வந்தது. பிரம்மாஸ்திரத்தை அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாளே.

"யார் நீண்ட நாளாகக் காத்திருக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் முதலில். அதுதான் நியாயம், தேவி."

"சபை சாட்சியாகவா?"

"சபை சாட்சியாக."

"எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறீர்கள்?"

"பதினோரு வருஷம்."

குசுமா மைக்கை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"அப்போது எனக்கு ஒன்பது வயது" என்றாள். "என் அப்பா இதே மாதிரி சபையில் உட்காருவார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லா ராணிகளுடைய பேச்சையும் மனப்பாடம் செய்தேன். ஒரு நாள் ராணி பேசுகிற ஆள் வரவில்லை. நான் பேசுகிறேன் என்றேன். பெண் குழந்தைக்கு மேடை எதற்கு என்று வெல்லம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் ஆகித் தங்கள் அரண்மனைக்கு வந்தேன். முதல் மழைக்காலத்தில் தங்களைக் கேட்டேன். என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா, நாதா?"

நினைவிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. "அப்புறம் பாக்கலாம்னேன்" என்றார் விட்டல ரை. ராஜாவின் குரலில் இல்லை.

"அந்த அப்புறத்துக்குத்தான் காத்திருக்கிறேன். எனக்கு முப்பத்தொன்பது வருஷம். தங்களுக்குப் பதினொன்று." அவள் இரண்டு கையையும் நீட்டினாள், இரண்டு பிடி பாக்கை நீட்டுகிற மாதிரி. "தரம் பிரிப்பதில் தங்களை மிஞ்ச ஆளில்லை. மகாராஜாவே சொல்லட்டும். இதில் எது பழசு? எது புதுசு?"

முப்பது வருஷப் பழக்கம் என்ன செய்யும்? நீட்டின கையைப் பார்த்ததும் விட்டல ரையின் கண் தானாக மூடிக்கொண்டது.

"உன்னுது பழசு. என்னுது புதுசு" என்றார்.

அதுதான் அந்தச் சிரிப்பு. சொன்னேன் அல்லவா, வரும் என்று? கூரையே எகிறியது. மத்தளக்காரர் மத்தளத்தின் மேலேயே கவிழ்ந்துவிட்டார். மோனப்பன்கூட "எனக்கென்ன" என்பதை மறந்து தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

சிரிப்பு அடங்குமுன் பாகவதர் கடைசிப் பாட்டை எடுத்துவிட்டார். ராணி முதலில் வனம் புகுந்தாளாம். ராஜா இன்னும் ஆறே வருஷம் முடி தாங்கி, அதன்பின் அவளைத் தேடிப் போனானாம். தடங்கல் இல்லாமல், தாளம் தப்பாமல் பாடினார்.

"கதை அப்படி இல்லியே" என்றார் விட்டல ரை, மைக்கை மூடிக்கொண்டு.

"பாடறது நான்தானே-ஏ" என்றார் பாகவதர்.

சபை சாட்சியாகச் சொன்ன சொல். அதை அந்த ஊரில் யாரும் திரும்ப வாங்க முடியாது. இறங்கும்போது மேனேஜர் காமத் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒவ்வொரு பேச்சும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். "நான் ஒண்ணும் சொல்லல ரையவரே. ஆனா ஆறு வருஷம்னா ஆறு வருஷம்தான். நாளைக்கு எட்டரைக்கு லாரி வருது."

ஸ்கூட்டரில் பின்னால் குசுமா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். முன்னால் விட்டல ரை நனைந்துகொண்டு வந்தார். பாதி வழியில் அவருக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது.

"ஆச்சார் வராததால உனக்கு அடிச்சுது அதிர்ஷ்டம். நானும் தயாரா இல்ல. இல்லன்னா நடந்திருக்கிறதே வேற."

"ஆமாங்க" என்றாள் குசுமா. அவ்வளவு பணிவாக அவள் ஆமோதித்ததே கிடையாது. அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் கூத்து. நாளைக்கு அவள் முறம், அவள் கத்திரி. ஒரு மாதம் போகட்டும், ஊர் மறந்துவிடும், கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றினார். கடிதம் ஊறிப்போய், கையில் எடுத்ததும் கூழாக வந்தது. கூடவே நோட்டீஸ். தன் பெயராவது மிஞ்சட்டும் என்று, அடுப்புக்கு மேலே கம்பியில் காயப்போட, முதல்முறையாக அதன் மடிப்பைப் பிரித்தார்.

மணிகேது மகாராஜன்: விட்டல ரை.

அதற்குக் கீழே, மடிப்புக்கு அந்தப் பக்கம், அவர் பெயரைப்போல் இரண்டு மடங்கு பெரிய எழுத்தில்: ராணி சுலேகை: குசுமாவதி ரை (முதல் மேடை).

அதற்குக் கீழே: நிகழ்ச்சியை நடத்துவோர், சுள்ளியா பீடித் தோழியர் தாளமத்தளைக் குழு.

அதற்கும் கீழே: இக்குழுவின் அடுத்த நிகழ்ச்சிகள். பெள்ளாரே, ஜால்சூர், பஞ்சா, குத்திகார். ஆடி, ஆவணி முழுக்க ஒரு ஞாயிறு பாக்கியில்லை. எல்லாவற்றிலும் ராணி, குசுமாவதி ரை. எல்லாவற்றிலும் கடைசி வரியில், சின்ன எழுத்தில்: தூதன், விட்டல ரை.

இதை அச்சடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அவரே தன் கையால் கொடுத்திருக்கிறார். மீன்காரர் சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. இஸ்திரி போட்ட சால்வை நினைவுக்கு வந்தது. பாகவதருடைய பாட்டு. "மழைங்க." மழைதான் பெய்துகொண்டிருந்தது, அவள் பொய் சொல்லவில்லை. முறத்துக்கு மேலே மெல்ல அசைந்த அந்த உதடு பீடியை எண்ணவில்லை.

விட்டல ரை அப்படியே தரையில் உட்கார்ந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் கால் ஆடவில்லை.

"குசுமா" என்றார்.

உள்ளேயிருந்து தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"கீழ் வரி வரைக்கும் படிச்சாச்சா, மோனப்பா?" என்றாள் குசுமா. "கை கழுவிட்டு வா. கஞ்சி ஆறுது."